பூத்த மீனில் சர்க்கரை குறையும்

தம்பி,

போன புதன்கிழமை உன் கல்லூரியில், உன் துறை நூலகத்தில், ஒரு புத்தகம் திருடினேன். உன் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன இடத்தில்தான். மஞ்சள் பையில் வெற்றிலை பாக்குக்கும் குங்குமச் சிமிழுக்கும் நடுவே அதைச் செருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி மின்விசிறியைப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயது, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை, உடம்பில் சர்க்கரை, பட்டிமன்ற நோட்டீஸில் 'நகைச்சுவைத் தென்றல்' என்று எனக்கு நானே போட்டுக்கொண்ட பட்டம், இத்தனையும் வைத்துக்கொண்டு செய்கிற காரியமா இது என்று உன் அம்மா கேட்டாள். திருடியது அடுத்தவன் புத்தகம் இல்லை. என் எம்.ஏ. ஆய்வேடு. முதுகில் தங்க எழுத்தில் என் பெயர் இருக்கிறது. தன் புத்தகத்தைத் தானே எடுத்தால் அது திருட்டா என்று நீ கேட்கலாம். சிக்கலே அங்கேதான். அதை எழுதியவன் நான் இல்லை.

எழுதியவன் உன் கலியமூர்த்தி சார்.

நானும் அவனும் சிதம்பரத்தில் உன் துறையிலேயே ஒரே வகுப்பு, ஒரே விடுதி அறை என்பது உனக்குத் தெரியும். அதோடு நிறுத்திக்கொண்டேன். நீ அவனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த வீட்டில் 'சார் சொன்னாரு' என்ற இரண்டு வார்த்தை கேட்காமல் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்ததில்லை. சாப்பிட்டதும் நடக்கணும்னு சார் சொன்னாரு. நான் பத்து வருஷமாகச் சொன்னது அது. அப்போதெல்லாம் உன் காதில் ஹெட்போன். நாளிதழில் தலையங்கத்தை முதலில் படிக்கணும்னு சார் சொன்னாரு. அதையும் நான் சொன்னேன், ராசிபலன் படித்துக்கொண்டே சொன்னேன் என்பது வேறு விஷயம். மீனவர்களைப் பற்றிய உன் ஆய்வேடு பைண்டாகி வந்ததும் நான் முதலில் பிரித்தது நன்றியுரைப் பக்கத்தை. அவனுக்கு ஒன்றரைப் பக்கம். துறைமுகத்தில் மீன் விற்கிற உன் அத்தைக்கு உள்ளே பதினோரு அடிக்குறிப்பு. விரல் விட்டு எண்ணினேன். எனக்கு அரை வரி, அதுவும் உன் அம்மாவோடு கூட்டு: 'பொறுமை காத்த என் பெற்றோருக்கும்.' பொறுமையா, நானா? அவ்வளவு பெரிய ஆய்வேட்டில் ஆதாரமே இல்லாத வரி அது ஒன்றுதான்.

இந்தப் புகைச்சலில் இருக்கும்போதுதான் போன மாதம் நீ வந்து சொன்னாய், "தாலிய சார் எடுத்துக் குடுக்கட்டும்ப்பா." பார்க்கலாம் என்றேன். நான் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம், அது உனக்கே தெரியும். முகம் சுருங்கிப் போய்விட்டாய். பொறாமை ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தாலி எடுத்துக் கொடுக்கிறவர் கையில் மைக்கையும் கொடுப்பார்கள். மணமகனின் அப்பாவை எத்தனை காலமாகத் தெரியும் என்று அவன் ஆரம்பித்தால், முப்பது வருஷமாக நான் மூடி வைத்தது நம் சொந்தபந்தம் அத்தனை பேர் நடுவிலும் பந்திக்கு முன்னாலேயே பரிமாறப்பட்டுவிடும். அதை நீ மேடையில் மாலையோடு நின்று கேட்கக் கூடாது. முதலில் என்னிடம் கேள்.

எங்கள் எம்.ஏ. கடைசி வருஷம். ஆளுக்கொரு ஆய்வேடு கொடுக்க வேண்டும். கலியன் பெண்ணாடத்துக்காரன், கரும்பு விவசாயிகளை எடுத்துக்கொண்டான். சனி ஞாயிறு ஊருக்குப் போய் வரப்பு வரப்பாக நடந்து, கரும்புச் சோகை கீறிய கையோடு திங்கட்கிழமை திரும்புவான். எனக்குக் கடலூர் மீனவர்கள். எனக்கு அலையவே வேண்டாம், தம்பி. நம் வீட்டு வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. உன் அத்தை அப்போதே தலையில் அன்னக்கூடையோடு போய்க்கொண்டிருந்தாள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, இன்னிக்கி ஏலம் எப்படி?" என்று கேட்டிருந்தால் நாலு அத்தியாயம் சொல்லியிருப்பாள், திட்டு தனி. ஆனால் நம் வீட்டில் நடப்பதெல்லாம் ஒரு விஷயமா, படிப்பு என்றால் புத்தகத்தில் இருந்து வரவேண்டாமா என்று எனக்கு ஒரு மிதப்பு. அந்த மிதப்பில் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின வாரம் வரை மேட்னி ஷோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

கீழவீதிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில்தான் எல்லோரும் டைப் அடிக்கக் கொடுப்போம். கலியனுடையது முந்தின வாரமே முடிந்து, ஃபைல் அங்கே அப்படியே இருந்தது. "அவன் எடுத்துக்கச் சொல்லிட்டான்ணே" என்று கடைக்காரரிடம் புளுகினேன். அவர் பெரிய மனதோடு கேட்டார்:

"கரும்ப எடுத்துட்டு மீன போட்டுரலாமா தம்பி? ஒரே அமுக்குல எல்லா எடத்துலயும் மாறிடும்."

"போடுங்கண்ணே."

"பெண்ணாடம்?"

"கடலூர்னு போடுங்க."

டீ ஆறுவதற்குள் ஆய்வேடு தயார். நான் அதைப் படித்தேனா என்று கேட்காதே. மனப்பாடம் செய்தேன். படிப்பதும் மனப்பாடம் செய்வதும் வேறு வேறு என்பது எனக்கு வாய்மொழித் தேர்வு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, காலையில் கலியனைக் கேட்டு முடித்தார். மதியம் என் முறை. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. என் ஆங்கிலத்தை இங்கே எழுதும் தைரியம் எனக்கு இல்லை, தமிழில் சொல்கிறேன்.

"மீனை எந்த மாசத்துல நடுவீங்க தம்பி?"

"மார்கழி, தை பட்டம் சார்." கேள்வி தெரிந்த கேள்வி என்பதால் குரலில் கம்பீரம் வேறு.

"அப்படியா. வெட்டுனப்புறம்?"

"அதே கட்டையிலேருந்து மறுபடி தழையும் சார். ரெண்டு போகம் எடுக்கலாம்."

"பூத்துட்டா?"

"பூத்த மீனில் சர்க்கரை குறையும் சார்."

நாலு தலைமுறையாகக் கடலில் இறங்கிய குடும்பத்துப் பிள்ளை சொல்கிறேன் இதை. அறையில் இருந்த எங்கள் துறைத் தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை. காலையில் இதே பக்கத்தில் கரும்பு இருந்தது என்று சொல்லிவிட்டு, கலியனைக் கூப்பிட்டு அனுப்பினார். யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கேட்டார். கலியன் என் முகத்தைப் பார்த்தான், மேசைமேல் கிடந்த இரண்டு ஆய்வேட்டையும் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும்.

"நான்தான் சார் குடுத்தேன். மாதிரிக்கு வெச்சுக்கோன்னு."

கொடுத்தவனுக்கும் மதிப்பெண்ணைக் குறைத்தார், எடுத்தவனுக்கும் குறைத்தார். எனக்குக் குறைக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. தட்டுத் தடுமாறித் தேறினேன். அவன் முதல் ரேங்க்கை இழந்தான். நோட்டீஸ் போர்டில் வேறு ஒருத்தன் பெயர். அன்று அறைக்கு வந்ததும் அடிப்பான், சட்டையைப் பிடிப்பான் என்று கட்டிலில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாடா மச்சான், மெஸ் மூடிடப் போறான்" என்றான். திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். அடித்தவனை மறக்கலாம், தம்பி. இப்படி நடந்துகொண்டவனைப் பார்க்க நேரும்போதெல்லாம் நமக்குப் பற்றிக்கொண்டு எரியும். நான் கடலூர் வந்து சங்க வேலையில் சேர்ந்தேன். அவன் மேலே படித்து அதே கல்லூரிக்கு வாத்தியாராக வந்தான். நடுவில் எத்தனையோ கல்யாணம் காதுகுத்தில் பார்த்துக்கொண்டோம். ஒரு தடவைகூட அவன் மீன் பேச்சை எடுக்கவில்லை. நான் ஒரு தடவைகூட மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை.

இதில் வேடிக்கை, மற்றவர்கள் திருடினால் எனக்கு வருகிற கோபம். காட்டுமன்னார்கோயில் பேச்சாளர் ஒருத்தர் என் மாமியார் ஜோக்கைத் தன் மாமியார் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார் என்று மேடைக்குப் பின்னால் அவரோடு மல்லுக்கு நின்றேனே, நினைவிருக்கிறதா? "சொந்த மாமியாரைப் பத்திப் பேசுய்யா, அவுங்க இன்னும் உசுரோடதான இருக்காங்க!" என்று கத்தினேன். நீதான் பைக்கில் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சியின் முதல் வருஷம், உன் அம்மாவின் பிறந்தநாள், ஞாயிற்றுக்கிழமை. வஞ்சிர மீன் குழம்பு. நீ சாப்பிட வந்தாய், முகம் சரியில்லை. உன் முதல் அத்தியாயத்தில் ஒரு பத்தியைச் சிவப்பில் வட்டம் போட்டு, 'இது உன் குரல் இல்லையே, யாருடையது?' என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தான் கலியன். ஏதோ ஒரு கட்டுரையில் படித்து நோட்டில் குறித்து வைத்தது. குறிக்கும்போது யாருடையது என்று எழுதாமல் விட்டது. நாலு மாதம் கழித்துப் பார்க்கும்போது நீயே எழுதினது மாதிரி தெரிந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று நீ சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு அல்ப சந்தோஷம். ஆகா, என் பிள்ளை! அப்புறம் நீ கேட்டாய்:

"அப்பா, நீங்க எம்.ஏ.ல எப்படி எழுதுனீங்க?"

"எப்படின்னா? அலைஞ்சேன்டா. தேவனாம்பட்டினத்துல வீடு வீடாப் போயி கேட்டு எழுதினேன்."

"மீன் பத்திதான?"

"பின்ன? நம்ம பொழப்பாச்சே."

உனக்குப் புரையேறியது. சிரித்தாயா இருமினாயா என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். உன் அம்மா தலையில் தட்டி, "முள்ளா?" என்றாள். "முள்ளு இல்லம்மா" என்றாய். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? உன் சாரும் நீயும் என்னைப் பற்றி ஏதோ பேசிச் சிரித்துக்கொள்கிறீர்கள் என்று. அந்த எரிச்சலில்தான் என் வாழ்க்கையின் மட்டமான அறிவுரையை உனக்குக் கொடுத்தேன். "இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு இருக்க? நாலு வார்த்தைய மாத்திப் போட்டுக் குடுடா, எவனுக்குத் தெரியப் போவுது?" நீ கையைக் கழுவிக்கொண்டு, பாயசம்கூடக் குடிக்காமல் எழுந்து அத்தை வீட்டுக்குப் போய்விட்டாய்.

அங்கே நடந்ததை உன் அத்தை எனக்குப் போன் போட்டு, ஒரு வாரம் தவணை முறையில் சொன்னாள். மறுநாள் விடியலில் உன்னைத் துறைமுகத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். ஏலத்தில் தனக்கு விழுந்த குவியல்மேல் அவள் தன் அன்னக்கூடையைக் கவிழ்த்து வைப்பது உனக்குத் தெரியும். கூடை கவிழ்ந்துவிட்டால் அது அவள் சொத்து; அவள் டீ குடித்துவிட்டு வரும் வரை ஒருத்தரும் தொடமாட்டார்கள். நீ உன் கதையைச் சொன்னதும் சிரித்தாளாம்.

"அட மருமவனே, கூட கவுந்திருக்கிற குவியல்லேருந்து ஒரு காரப்பொடி மீன எடுத்தாக்கூட இங்க மானம் போயிடும். கேட்டுட்டு எடு, யாரும் வேணாங்க மாட்டாங்க. விக்கிறப்ப இது இன்னார் படகுல வந்ததுன்னு சொல்லிட்டு வித்துட்டுப் போயேன். அதுல உனக்கு இன்னா கொறைஞ்சிடப் போவுது? சொன்னாத்தான் இன்னும் நம்பி வாங்குவாங்க."

"அப்பா வார்த்தைய மாத்திப் போடுன்னாருத்த."

"அவன் கெடக்கான். மீன்மேல சேத்தப் பூசிட்டா வேற மீனாயிடுமா?"

இது நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது. அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருந்ததா என்பது வேறு. நீ அதன்பிறகு நோட்டுப் போட்ட விதத்தை நீ இல்லாதபோது எடுத்துப் பார்த்தேன். இடது பக்கத்தில் அடுத்தவர் வார்த்தை, மேற்கோள் குறியோடு, யார், எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம். வலது பக்கத்தில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, உனக்குப் புரிந்ததை உன் வார்த்தையில். உன் வார்த்தையில் எழுதினாலும் கருத்து யாருடையது என்று ஓரத்தில் பெயர். வட்டம் போட்ட அந்தப் பத்தியை எழுதியவர் பெயரோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாயாம். அவன் படித்துப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தானாம். இதையும் உன் அத்தைதான் சொன்னாள். எனக்கு யாரும் எதையும் நேரில் சொல்வதில்லை.

புதன்கிழமைக்கு வருகிறேன். கலியன் வகுப்பில் இருந்தான். உதவியாளர் என்னைத் துறை நூலகத்தில் உட்காரச் சொன்னார். எதிரே அலமாரியில் பழைய ஆய்வேடுகள், வருஷ வாரியாக. கரும்பும் மீனும் முப்பது வருஷமாக அக்கம்பக்கத்தில், விடுதி அறையில் நாங்கள் இருந்த மாதிரி. கல்யாணத்துக்கு உன் நண்பர்கள் எல்லாம் வருவார்கள், எவனாவது அதற்குள் விளையாட்டாக இதை எடுத்துப் பிரித்துவிட்டு வந்தால்? கை தானாகப் போனது. பைக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தால் கதவில் கலியன்.

"மச்சான்! வாடா மாப்ள அப்பா!" என்று கட்டிப்பிடித்தான். ஆய்வேட்டின் முனை அவன் விலாவில் குத்தியது. குனிந்து பார்த்தான். வெற்றிலைக்கு நடுவே என் பெயர் தங்கமாக மின்னியது.

"இத எதுக்குடா எடுத்த?"

"சும்மா... பழசு... ஒரு தடவ பாக்கலாம்னு."

அதற்குள் உதவியாளர் உள்ளே வந்து என் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கலியன் சாதாரணமாகச் சொன்னான்: "நான்தான் குடுத்தேன். என் பேர்ல எழுதிக்கிங்க, திரும்பி வந்துடும்."

அதே வார்த்தை, தம்பி. அன்றைக்குச் சொன்ன அதே 'நான்தான் குடுத்தேன்.' முப்பது வருஷத்தில் நான் புதுத் திருட்டு ஒன்று கற்றுக்கொண்டேன். அவன் பதிலை மாற்றவே இல்லை. நன்றி வந்திருக்க வேண்டும். பொறாமையில் காது சுட்டது. இந்த ஆள் ஒரு தடவையாவது அல்பமாக நடந்துகொள்ளக் கூடாதா? பத்திரிகையை நீட்டினேன். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். என்னால் தாங்க முடியவில்லை.

"பையன்கிட்ட சொல்லிட்டியா?" என்றேன்.

"எத?"

"அதான்டா. மீன் நட்டது."

"அது உன் கதைடா. அத நான் எப்படிச் சொல்றது?"

பஸ்ஸில் கடலூர் வருகிற வரைக்கும் அந்தப் பதில்தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. நான் அவனுடைய நூறு பக்கத்தை ஒரு பொத்தானில் அள்ளிக்கொண்டு போனவன். அவன் என் கதையில் ஒரு வரியைக்கூட என்னைக் கேட்காமல் எடுக்கமாட்டான். தாலியை அவனே எடுத்துக் கொடுக்கட்டும். நான் பக்கத்தில் நிற்கிறேன். மைக்கை முதலில் நான் வாங்கி மீன் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவன் இழந்த ரேங்க்கையும் சேர்த்துச் சொல்வேன். உன் மாமனார் என்ன நினைப்பார் என்று உன் அம்மா கவலைப்படுகிறாள். நினைக்கட்டும்.

அடுத்த மாதம் நீயும் ஒரு கல்லூரியில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறாய். இப்போது பிள்ளைகளுக்குப் பொத்தான்கூட வேண்டாம், கேட்டால் இயந்திரமே எழுதித் தந்துவிடுகிறது. எவ்வளவு காப்பி என்று சொல்ல இன்னொரு இயந்திரம். அந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்துவிட்டு யார் மேலும் பாயாதே. கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் எழுதினதை அவனிடமே கேள். மீனை மார்கழியில் நடலாம் என்று ஒருத்தன் தலைநிமிர்ந்து சொன்னால், அவன் கெட்டவன் இல்லை. தன் வீட்டு வாசலில் இருப்பது எழுதத் தகுந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நீ சொல். அப்புறம் திரும்ப எழுதச் சொல். என்னை யாரும் திரும்ப எழுதச் சொல்லவில்லை, அதனால்தான் இந்த வயதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. மேலே அந்தச் சர்க்கரை வாக்கியத்தை எழுதினேன் அல்லவா, ஒரு தடவையாவது ஒழுங்காகப் பக்க எண் போடுவோம் என்று இப்போது ஆய்வேட்டைத் திறந்தேன். பக்கம் நாற்பத்தொன்று. மூடும்போது பின்னட்டைக்கு உள்ளே ஒட்டியிருந்த உறையிலிருந்து நூலக அட்டை நழுவிக் கீழே விழுந்தது. முப்பது வருஷத்தில் இதை எடுத்துப் படித்தவர் ஒரே ஒருத்தர். கையெழுத்து உன்னுடையது. தேதி, உனக்குப் புரையேறிய அந்தப் பிறந்தநாள் ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்பு.